போன வருஷக் குருவி

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. ஜொகூரில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மாதம் இரண்டு சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஆயர் தாவாரிலிருந்து செகாரி மெலிந்தாங் காட்டுக்குப் போகிறேன், குருவிகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்ட. நம் அம்மாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்ட எழுந்த அதே நேரம்.

என் தங்கை மகள் பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றிப் படிக்கிறாள், அவள் குழுவுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். சுற்றிலும் செம்பனையாகிவிட்ட இந்தப் பக்கத்தில், கடலை ஒட்டி இப்படி ஒரு பெருங்காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டுவோம், தலைமுடி மாதிரி மெல்லிய நூல், மர நிழலில் கண்ணுக்கே தெரியாது. மோதுகிற குருவி மடிப்பில் விழுந்து கிடக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், மழை தூறினால் உடனே சுருட்டிவிட வேண்டும். ஒருநாள் நாங்கள் போகக் கொஞ்சம் பிந்திவிட்டது, அதற்குள் முசுறு எறும்பு ஏறி சிலந்திபிடிப்பான் என்கிற ஒரு சின்னக் குருவி செத்துப்போயிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து நேரம் பார்ப்பதும் என் பொறுப்புதான்.

வலையிலிருந்து எடுக்கும்போது, குருவி எந்தப் பக்கமாக விழுந்தது என்று பார்த்து, முதலில் காலை விடுவித்து, அப்புறம் சிறகு, கடைசியில் தலை. கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், உடம்பு உள்ளங்கையில். சிறகை அளந்து, துணிப்பையோடு எடை போட்டு, வயிற்று இறகை மெல்ல ஊதிப் பார்ப்பார்கள். தூரப் பயணம் கிளம்பும் குருவி என்றால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அந்த நெஞ்சு அடிக்கிற வேகம் இருக்கிறதே, சரசு, விரலில் ஏதோ நடுங்குகிற மாதிரிதான் தெரியும், தனித்தனித் துடிப்பாக எண்ணவே முடியாது.

போன வாரம் ஒரு சைபீரிய நீல ராபின் விழுந்தது. ஆண், மேலே கருநீலம், கீழே வெள்ளை, பதினைந்து கிராம்கூட வராது. காலில் ஏற்கெனவே வளையம்! எண்ணை வாசிக்க வாசிக்க நான் பழைய நோட்டைப் புரட்டினேன். போன அக்டோபரில், அதே வலை வரிசையில், என் கையெழுத்திலேயே இருந்தது. நடுவில் அது சைபீரியா, வடகிழக்குச் சீனா, ஜப்பான் என்று எங்கேயோ வடக்கே போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து அதே புதருக்கு வந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் டவுன் கம்பிகளில் சாயங்காலம் வரிசையாக உட்காருமே தகைவிலான், அவற்றுக்கும் நாம் பிறப்பதற்கு முன்பே வளையம் போட்டிருக்கிறார்கள். 1963 முதல் 1971 வரை மெக்ளூர் என்ற பறவை ஆய்வாளர் தலைமையில் ஆசியா முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் பறவைகளுக்குப் போட்டார்களாம்.

என் அண்ணன்மார் பால்மரப் பாலைப் பசையாக்கிக் கிளையில் தடவிக் குருவி பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்குமே. சிறகில் ஒட்டினால் போகவே போகாது, நாம் இரண்டு பேரும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் அந்தக் குருவி பிழைக்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் கூண்டில் ‘முராய் பத்து’ என்கிற பாட்டுக் குருவி ஒன்றை வளர்க்கிறான், நன்றாகப் பாடுகிறது. லைசென்ஸ் இருக்கிறதா, காட்டில் பிடித்ததா என்று கேட்டேன், பதில் சொல்லாமல் சிரித்தான். விடப்போவதில்லை, மறுபடி கேட்பேன். காட்டில் அதே குருவி எங்கள் வலைக்கு வருவது குறைவாகத்தான் இருக்கிறது.

பள்ளி விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. முழுக்கைச் சட்டையும் கொசு எண்ணெயும் மறக்காதே. ராபின் ஏப்ரல் வரை இங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
உன் மீனா