ஓடாத காருக்கு ஒரு கணக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உன் செய்தி வந்தது. இத்தனை நாள் கழித்து ஒரே ஒரு வரி. "அம்மா, பழைய காரைக் கொடுத்துட்டு எலெக்ட்ரிக் எடுக்கவா, ஹைபிரிட் எடுக்கவா?" படித்ததும் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். எழுதி அனுப்பினால் நேரம் கிடைக்கும்போது படிப்பாய் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டதற்கு, "அவளுக்குத் தெரியாததா, எது வேண்டுமோ எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை.

எவ்வளவு ஓடுகிறது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, ஒரு வார்த்தைகூட எழுதாமல் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினாய். போன வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அனுப்பிய படமும் என்னிடம் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட வரவில்லை. தப்பாகக் கழித்துவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. வாரத்துக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு காலத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைவிட அதிகம் சுற்றுவாய். இப்போது வீட்டிலிருந்தே வேலை, அதனால்தான் இருக்கும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதிகம் ஓட்டுகிறவர்கள் போடும் கணக்கு உனக்குப் பொருந்தாது. பெட்ரோலில் மிச்சம், சர்வீஸில் மிச்சம் என்று சொல்வதெல்லாம் கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சேருகிற மிச்சம். ஓடினால்தான் சேரும். புது காரின் மதிப்பு குறைவதும் இன்சூரன்ஸ் கட்டுவதும் அப்படி இல்லை, அவை மாதக் கணக்கில் நடக்கும். நீ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நடக்கும். அதனால் வெறும் பெட்ரோல் மிச்சத்துக்காக மாற்றுவதாக இருந்தால், அந்த மிச்சம் உன் கைக்கு வந்து சேருவதற்குள் அந்தப் புது காரும் பழசாகிவிடும்.

காற்று கெடக்கூடாது என்பது உன் எண்ணமாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கையும் பார். எலெக்ட்ரிக் காரின் பேட்டரியைச் செய்யவே நிறைய கரியமில வாயு வெளியேறுகிறது. ஓட ஓடத்தான் அது ஈடாகும். வால்வோ நிறுவனம் 2021-இல் தன் சி40 எலெக்ட்ரிக் காரையும் பெட்ரோலில் ஓடும் எக்ஸ்சி40 காரையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. காற்றாலை மின்சாரத்தில் மட்டுமே சார்ஜ் செய்தால்கூட 49,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் எலெக்ட்ரிக் கார் முந்துகிறது. உலக சராசரி மின்சாரம் என்றால் 1,10,000 கிலோமீட்டர். உன் ஓட்டத்தில் 49,000-ஐத் தொடவே 25 வருஷம் ஆகும். அதுவும் புது காருக்குப் புது காரை வைத்துப் போட்ட கணக்கு. உன் கார் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. சின்ன பேட்டரி வண்டி என்றால் எண் கொஞ்சம் குறையும், சரி. ஆனாலும் உன் ஓட்டத்துக்கு அது பெரிய எண்தான்.

பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்வேன். நம் ஹைபிரிட் வண்டியையே எடுத்துக்கொள். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது வாசலில் சும்மா நின்றது. ஒரு நாள் காலையில் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் வண்டி உயிர் பெறவில்லை. உள்ளே இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் கம்ப்யூட்டர் விழிக்காது, கம்ப்யூட்டர் விழிக்காவிட்டால் எதுவுமே நடக்காது என்று மெக்கானிக் சொன்னார். நிற்கும்போது கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்கான ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்துதான் எடுக்கின்றன. பெரும்பாலான ஹைபிரிட்களில் வண்டியை ஆன் செய்து ரெடி நிலையில் வைத்தால்தான் அது மறுபடி ஏறும். அதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது நான் எடுத்துவிடுகிறேன். நீயும் எடு. இப்போது இருக்கிற காரையும்தான் சொல்கிறேன். அதிலும் அதே மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது.

1997-இல் ஜப்பானில் பிரியஸ் என்ற ஹைபிரிட் கார் வந்த பிறகு உலகமெங்கும் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் அதை விரும்பி எடுத்தார்களே, ஏன்? நாள் முழுக்க நெரிசலில் நின்று நின்று போகிறவர்கள் அவர்கள். பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் ஹைபிரிட் அவர்களுக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. உனக்கு என்ன கிடைக்கும்? மூன்று கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்புகிறவளுக்கு இன்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடும். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சுமார் 300 டிகிரி வெப்பம் வேண்டும். அதைச் சூடாக்கவே ஹைபிரிட் கிளம்பியதும் இன்ஜினை ஓட்டும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும், ஆவியாகிப் போக நேரம் இருக்காது. அதனால் ஓடாவிட்டாலும் ஆயிலை வருஷம் ஒரு தடவை மாற்றியாக வேண்டும். இன்ஜினுக்கு உண்டான அத்தனை வேலையும் அப்படியே இருக்கும், மேலே ஒரு பேட்டரியும் இருக்கும்.

பிளக் போடுகிற ஹைபிரிட் என்று யாராவது சொன்னால் அதையும் யோசி. வீட்டிலேயே சார்ஜ் போட்டுப் பக்கத்தில் மட்டும் போய்வந்தால் பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கும். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும், எத்தனால் கலந்தது என்றால் ஈரத்தையும் இழுக்கும். செவர்லே வோல்ட் காரில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்தார்கள்: ஆறு வாரம் போல இன்ஜின் ஓடாமல் இருந்தால் அது தானாகக் கொஞ்ச நேரம் ஓடும். பெட்ரோலுக்கு ஒரு வயது ஆகிவிட்டால் அதை எரித்துத் தீர்க்கும். யாரும் கேட்காமலேயே வண்டி தன்னைப் பார்த்துக்கொள்கிறது. எல்லா வண்டியும் அப்படிச் செய்யாது.

எலெக்ட்ரிக் உனக்கு ஒத்துவரலாம். குளிர்ந்த இன்ஜின் என்ற தொல்லையே கிடையாது. ஒரு கிலோமீட்டர் போனாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அதன் பேட்டரிக்கு நின்றாலும் வயதாகும். வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். அதனால் நிறுத்தி வைக்கும்போது பாதியளவில் வை, 100-இல் விட்டுவிடாதே, பூஜ்யத்துக்கும் இறங்க விடாதே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது முழுக்க ஏற்றச் சொல்வார்கள், மீட்டர் சரியாகக் காட்டுவதற்காக. அந்த வகை கொஞ்சம் முரட்டுப் பேட்டரி, உனக்கு நல்லது. எந்த வகை என்று கேட்காமல் எடுக்காதே. நிற்கும்போது காவல் பார்க்கிற கேமராவை அணைத்துவிடு, போனில் அடிக்கடி ஆப்பைத் திறந்து வண்டியை எழுப்பாதே. இதிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. பல வண்டிகள் நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து அதை நிரப்பிக்கொள்கின்றன, சில வண்டிகள் செய்வதில்லை. அதையும் கேள்.

வாரன்டி என்பார்கள். வழக்கமாக பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. மற்றவர்களுக்குக் கிலோமீட்டர் தீரும், உனக்கு வருஷம் தீரும். 16,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு வாரன்டி முடிந்திருக்கும். அதனால் பெரிய பேட்டரிக்குப் பணம் கொட்டாதே. ஒரு சார்ஜில் 150 கிலோமீட்டர் போகிற செகண்ட் ஹேண்ட் வண்டி உனக்கு மூன்று வாரத்துக்கு மேல் போதும். அதன் பேட்டரியைச் செய்த கணக்கும் பழைய ஓட்டத்தில் ஓரளவு தீர்ந்திருக்கும். ஆனால் பேட்டரி ஆரோக்கியம் எவ்வளவு சதவீதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள். 2010 கடைசியில் வந்த முதல் நிசான் லீஃப் வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. வெப்பமான இடங்களில் அவை சீக்கிரமே தேய்ந்தன. விலையைப் பார்த்து அந்த மாதிரி ஒன்றில் மாட்டிக்கொள்ளாதே.

பிரேக்கையும் மறக்காதே. எலெக்ட்ரிக் வண்டி மோட்டாரை வைத்தே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் டிஸ்க் உரசாமல் துருப்பிடிக்கும். நிற்கிற வண்டியில் இன்னும் அதிகம். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இல் பின்சக்கரத்துக்கு மூடியிருக்கிற டிரம் பிரேக் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து, பின்னால் யாரும் வராத சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் போடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். உன் டயர் தேய்ந்திருக்காது, ஆனால் வயதாகியிருக்கும். பார்த்து எழுது. வாரம் ஒரு தடவையாவது எடு, கண்ணம்மா. கடைக்கு இல்லை, கொஞ்சம் தூரமாக, அரை மணி நேரமாவது. பேட்டரிக்கும் நல்லது, டயருக்கும் நல்லது. தனியாகப் போக வேண்டாம் என்றால் முன்பு உன்னோடு வருவாளே, அவளைக் கூப்பிடு. போன மாதம் எனக்குப் போன் செய்து உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ அவளுக்கும் பதில் போடவில்லையாம்.

கணக்கு மட்டும் போட்டால் இப்போதைய காரையே வைத்துக்கொள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அதையே எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் யோசித்தேன். அந்த வீட்டிலிருந்து உன் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தது இந்தக் காரில்தான். ராத்திரி முழுக்க நீயே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். நாங்கள் யாரும் அழைத்து வரவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நான் சொன்னதே இல்லை. அந்த சீட்டில் உட்கார உனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வண்டி நிற்கிறது என்றால், மேலே எழுதிய எந்தக் கணக்கும் வேண்டாம். கொடுத்துவிடு. அந்த ஒரு காரணம் போதும், பெட்ரோல், காற்று என்று வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எனக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் சின்னதாக ஒரு செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் எடு. ஆனால் நீ நிறுத்துகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும், முக்கியமான நிபந்தனை அதுதான். சாதாரண வீட்டு பிளக்கே போதும். ராத்திரி முழுக்கப் போட்டால் உன் ஒரு வார ஓட்டத்துக்கு மேலேயே ஏறும். பிளக் கிடையாது, வெளியே எங்கோ போய்த்தான் ஏற்ற வேண்டும் என்றால் அந்த வண்டியும் நின்றுவிடும் என்று பயப்படுகிறேன். அந்த நிலைமையில் கொஞ்ச நாள் காரே இல்லாமல் டாக்ஸியில் போய் வா, இந்த ஓட்டத்துக்கு அதுவே மலிவாக வரலாம். ஆனால் கூப்பிட்டுப் போக வேண்டும், உட்கார்ந்துவிடக் கூடாது.

இங்கே நம் வாசலில் பிளக் இருக்கிறது. எந்த எலெக்ட்ரிக் எடுத்தாலும் ராத்திரி தங்கினால் காலையில் திரும்பிப் போகிற அளவுக்கு ஏறிவிடும். அப்பா கேபிள் நீளம்கூட அளந்துவிட்டார், நான் கேட்காமலே.

அக்கா மகன் இப்போது எதையும் பிடிக்காமல் நடக்கிறான். மற்றதெல்லாம் அப்படியே.

கீழே இறங்கிப் போய் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார், டயரின் இலக்கத்தைப் படம் எடு, அப்படியே வண்டியைக் கொஞ்ச தூரம் எடுத்துப் போய்விட்டு வா. 12 வோல்ட் இறங்கியிருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் போட யாரையாவது கூப்பிடு, தனியாக முயற்சி செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். எடு.

அம்மா