எழுபது வரை உழைப்பேன் என்று எழுதிய மகனுக்கு

அன்பு மகனுக்கு,

முதுமைக்கான சேமிப்பைப் பற்றி நான் கேட்டதற்கு, எழுபது வயது வரை வேலை பார்க்கப் போவதாகவும், ஆகவே அதற்கு இப்போது அவசரம் இல்லை என்றும் பதில் எழுதியிருந்தாய். அதைச் சாக்குப்போக்கு என்று நான் தள்ளிவிடவில்லை. உன் பக்கம் நல்ல ஆய்வே ஒன்று நிற்கிறது. ஜான் ஷோவன் உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் 2018இல் அமெரிக்கக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கின்படி, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து சம்பளத்தில் 1 சதவீதம் கூடுதலாகச் சேமித்தால் ஓய்வுக்கால வருமானம் எவ்வளவு உயருமோ, அதே உயர்வு ஓய்வை 3 முதல் 6 மாதங்கள் தள்ளிப்போட்டாலே கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பயனில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் நீ பார்க்க வேண்டும். அந்நாட்டில் அரசு ஓய்வூதியத்தைப் பெறத் தொடங்கும் வயதை 70 வரை தள்ளிவைத்தால், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும் தொகை கூடுகிறது. 1960இலோ அதற்குப் பின்னரோ பிறந்த ஒருவர் 67 வயதில் தொடங்கி மாதம் 100 டாலர் பெறுவார் என்றால், 62 வயதில் தொடங்கினால் 70 டாலர்தான், 70 வயதில் தொடங்கினால் 124 டாலர். காத்திருப்பதற்கு இப்படி உயர்வு தரும் ஓய்வூதியம் இல்லாதவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது வேறொன்று. ஓய்வு பெறும் நாளை நாமே குறிக்கிறோம் என்பது முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்திலிருந்து தொழிலாளரிடமும் ஓய்வுபெற்றவரிடமும் ஆண்டுதோறும் நடத்தப்படும் ஒரு கருத்தாய்வில், ஓய்வுபெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தாங்கள் எண்ணியிருந்ததற்கு முன்பே வேலையை விட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். சிலர் கையில் போதுமான பணம் சேர்ந்ததால் மகிழ்ச்சியோடு விலகியவர்கள். மற்றவர்களில் பலரை உடல்நலக் குறைவோ, நிறுவனத்தில் நேர்ந்த மாற்றமோ, நோயுற்ற துணையையோ பெற்றோரையோ கவனிக்க வேண்டிய கடமையோ வெளியேற்றியது. இன்று வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 65ஐ ஒட்டி விலகுவோம் என்கிறார்கள். விலகியவர்களோ பெரும்பாலும் 62ஐ ஒட்டியே விலகியிருக்கிறார்கள். எழுபது வரை உழைக்க நீ விரும்புவது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த விருப்பத்தையே சேமிப்பாக எண்ணிக்கொண்டால், உடல் ஒத்துழைக்காத ஒரு நாளில் வேலையும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் நிற்க நேரும் என்பதுதான் என் அச்சம்.

விலைவாசி உயர்வு போக ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் பணம் இரு மடங்காக ஏறத்தாழ 24 ஆண்டுகள் வேண்டும். 36 வயதில் நீ ஒதுக்கும் தொகை 60இல் இரண்டு பங்காக நிற்கும். 48இல் ஒதுக்கியது ஒன்றரைப் பங்கைக்கூட எட்டாது.

இப்போதைய செலவுகளுக்கு நடுவே எப்படிச் சேமிப்பது என்று நீ கேட்பாய். இன்றைய சம்பளத்தைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இனி வரப்போகும் ஒவ்வொரு ஊதிய உயர்விலும் ஒரு பங்கு தானாகவே சேமிப்புக்குப் போகட்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொழிலாளர்களின் சேமிப்பு, 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றிருந்தும் பெரும்பாலோர் விலகவில்லை. கைக்கு வராத பணத்தை இழந்ததாக மனம் கருதுவதில்லை என்பதும் ஒரு காரணம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று மன உறுதியை நம்பி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த ஊதிய உயர்வு வருவதற்கு முன்பே, அதில் பாதி நேராகச் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி உன் அலுவலகத்திலோ வங்கியிலோ எழுதிக் கொடுத்துவிடு. உன் கணக்கை 70ஐ வைத்துப் போடாமல் 60ஐ வைத்துப் போட்டுப் பார்த்து, எவ்வளவு குறைகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா