ஃபிரிட்ஸ் புஷ்ஷின் பெயர் இல்லாத கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானிய இசை நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1934இல், நாஜிகள் எதிர்த்த இசையமைப்பாளர் ஹிண்டமித்துக்கு ஆதரவாக அவர் நாளிதழில் எழுதியது, அதன் விளைவாகப் பதவிகளைத் துறந்தது, மறு ஆண்டே மேடைக்குத் திரும்பியது, போர் முடிந்தபின் விசாரணையை எதிர்கொண்டது என எல்லாவற்றையும் கட்டுரையாளர் பொறுமையாக விவரித்திருக்கிறார். ஆனால், யூதரல்லாத ஒரு முன்னணி நடத்துநருக்கு அந்நாளைய நாஜி ஆட்சியில் நாட்டிலேயே இருந்து சமாளிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்று அவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வழி இருந்தது, அவ்வழியே சென்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் ஃபிரிட்ஸ் புஷ். அவருடைய பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை.

புஷ் 1890 மார்ச் 13 அன்று ஸீகன் நகரில், வயலின் செய்யும் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். வயலின் மேதை அடோல்ஃப் புஷ் அவருடைய தம்பி. கொலோன் இசைக்கல்லூரியில் பயின்று, ரீகா, ஆகன், ஷ்டுட்கார்ட் எனப் படிப்படியாக உயர்ந்து, 1922இல் டிரெஸ்டன் நகர ஓபரா (இசைநாடக) அரங்கின் இசைத் தலைமைக்கு வந்தார். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஷ்ட்ராவ்ஸின் பல ஓபராக்கள் முதன்முதலாக அரங்கேறிய இடம் என்பதால், அந்தப் பதவி ஜெர்மனியில் பெர்லினுக்கு அதிகம் குறைந்ததன்று. ஷ்ட்ராவ்ஸின் 'இண்டர்மெட்ஸோ', புஸோனி முடிக்காமல் விட்டுச்சென்ற 'டாக்டர் ஃபாவுஸ்ட்', ஹிண்டமித்தின் 'கார்டில்லாக்' ஆகிய மூன்றையும் 1924 முதல் 1926 வரையிலான காலத்திற்குள் அரங்கேற்றியவர் புஷ்தான். இன்று ஹிண்டமித்தின் பெயரைச் சொன்னால் ஃபுர்ட்வெங்லரின் கட்டுரை மட்டும் நினைவுக்கு வருவது கொஞ்சம் அநியாயம். புஷ் எப்படி நடத்தினார் என்பதை இன்றும் காணலாம். 'டான்ஹாய்ஸர்' முன்னிசையை டிரெஸ்டன் குழுவுடன் அவர் நடத்தும் 1932ஆம் ஆண்டின் படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. ஆர்ப்பாட்டமே இல்லாத கை.

1933 மார்ச் 5 ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், மார்ச் 7 அன்று, வெர்டியின் 'ரிகோலெட்டோ'வை நடத்த அவர் மேடைக்கு வந்தபோது, அரங்கில் திரண்டிருந்த நாஜிப் பழுப்புச் சட்டைப் படையினர் "புஷ் வெளியேறு" என்று கூச்சலிட்டு அவரை இறங்க வைத்தார்கள். வேறொருவர் கோலை எடுத்து நிகழ்ச்சியை நடத்தினார். அதிகச் சம்பளம், அடிக்கடி வெளியூர்ப் பயணம், யூதர்களுடன் நட்பு என்பவை அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள். அவரிடம் வளர்ந்த பாடகர்கள் பலரே அவருக்கு எதிரான அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். தம் அடுத்த ஓபராவான 'அராபெல்லா'வை ஷ்ட்ராவ்ஸ், புஷ்ஷுக்கும் அவருடன் நீக்கப்பட்ட அரங்க இயக்குநர் ராய்க்கருக்கும் காணிக்கையாக்கினார். எனினும் ஜூலை 1 அன்று அதே டிரெஸ்டனில் கிளெமென்ஸ் கிராவ்ஸ் அதை நடத்துவதற்கு அவர் தடையாக நிற்கவில்லை.

புஷ்ஷை அப்பழுக்கற்ற தியாகியாகக் காட்டுவது என் நோக்கமன்று. டிரெஸ்டன் சம்பவத்திற்குப் பின் அவர் பெர்லினில் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கைச் சந்தித்தார். தலைநகரில் பதவி தருவது பற்றிய பேச்சு சில வாரங்கள் நடந்தது. ஆகவே அவர் மார்ச் 8 காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று எழுதுவோர் கதை கட்டுகிறார்கள். இதில் தம்பி அடோல்ஃப்தான் உறுதியானவர். யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாஜிகள் ஆணையிட்ட 1933 ஏப்ரல் 1க்குப் பின் அவர் நாஜி ஜெர்மனியில் வாசிக்கவே இல்லை. அண்ணன் தயங்கினார், யோசித்தார், பிறகு போனார். ஆனால் போன பிறகு திரும்பவில்லை என்பதே முக்கியம். அவ்வாண்டு புவெனஸ் ஐரிஸின் கொலோன் அரங்கில் அவர் இருந்தபோது, இத்தாலிய நடத்துநர் டொஸ்கானினி விலகியதால் வெற்றிடமாகியிருந்த இடத்தில், வாக்னர் ஓபராக்களுக்கான பைராய்த் விழாவில் நடத்த அழைப்பு வந்தது. 1924இல் அங்கே வாக்னரின் 'மைஸ்டர்ஸிங்கர்' நடத்தியவருக்கு அது எத்தகைய ஆசையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மறுத்துவிட்டார்.

"நாட்டை விட்டால் கலை அழிந்துவிடும்" என்ற வாதத்திற்குப் புஷ்ஷின் அடுத்த ஐந்தாண்டுகளே போதுமான பதில். இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பகுதியில் ஜான் கிறிஸ்டி என்னும் நிலக்கிழார் தம் மாளிகையோடு சேர்த்துக் கட்டிய, சுமார் 300 பேர் மட்டுமே அமரக்கூடிய க்ளைண்ட்போர்ன் அரங்கில், பெர்லினிலிருந்து விரட்டப்பட்ட இயக்குநர் கார்ல் ஏபெர்ட்டுடன் சேர்ந்து 1934 மே 28 அன்று மோட்ஸார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஓபராவுடன் அவர் அங்கே ஓபரா விழாவைத் தொடங்கினார். நட்சத்திரப் பாடகர்களைக் கூட்டி வந்து இரண்டு நாள் ஒத்திகையில் மேடையேற்றும் வழக்கத்திற்கு மாறாக, ஒரே குழு வாரக்கணக்கில் சேர்ந்து பயின்ற அரங்கு அது. 'ஃபிகரோ', 'கோஸி ஃபான் டுட்டே', 'டான் ஜொவானி' ஆகிய மூன்றும் 1934க்கும் 1936க்கும் இடையே அங்கே இசைத்தட்டுகளில் பதிவாயின. பேச்சுபோலப் பாடும் உரையாடற்பாட்டுக்கு, பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்ஸிகார்டுக்குப் பதிலாகப் பியானோ ஒலிப்பது இன்றைய காதுக்கு உறுத்தலாம். ஆயினும் பல குரல்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஓடும் இறுதிக் காட்சிகளில் இந்தப் பதிவுகளை மிஞ்சியவை குறைவு என்பது என் கருத்து.

ஃபுர்ட்வெங்லர் பெரிய கலைஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய பிராம்ஸைக் கேட்காமல் என் ஆண்டு கழிவதில்லை. யூத இசைக்கலைஞர்கள் சிலருக்கு அவர் உதவினார் என்பதும் உண்மை. அந்த உதவியை நாட்டிலிருந்தபடிதான் செய்ய முடியும் என்ற வாதத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நான் சொல்ல வருவது, அவர் இருந்தது ஒரு தேர்வு என்பது மட்டுமே. வியன்னாவில் பிறந்த எரிக் கிளைபரும், யூதரல்லாதவராக இருந்தும், 1934 டிசம்பரில் பெர்லின் ஓபராவை விட்டு விலகியவரே. தேர்வைக் கட்டாயம் என்று எழுதினால் அது விலகியவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகிவிடும். அவர்கள் கொடுத்த விலையும் சிறியதன்று. 1936இல் அர்ஜென்டினக் குடியுரிமை பெற்ற புஷ், கோபன்ஹேகன், புவெனஸ் ஐரிஸ், நியூயார்க் என அலைந்து, ஜெர்மனியில் மீண்டும் நடத்தியது 1951இல்தான். அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று, 61 வயதில், லண்டனில் காலமானார்.

டிரெஸ்டனில் அவர் இருந்த பதவி 1934இல் கார்ல் பேமுக்குப் போனது. இத்தொடரின் அடுத்த கட்டுரை பேம் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது அந்தப் பதவி எவ்வாறு காலியானது என்பதைக் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி