பழைய வண்டிக்கு பிரேக் பேட்: முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், தேய்ந்த பிரேக் பேட்டை மாற்றும்போது இருப்பதிலேயே பிடிப்பு அதிகமுள்ளதை வாங்கிப் போடுவதே பாதுகாப்பு என்று ஒரு வரி இருந்தது. புதிய வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வண்டிக்குப் பொருந்தாது என்பதை, அதே நினைப்பில், பேட்கள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் சக்கரத் தகடான நல்ல டிஸ்க் ஒன்றைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் வண்டி 1970களில் செய்யப்பட்டது. அதன் முன்சக்கர டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேட் தேய்ந்துபோனபோது கடைக்காரர் ஆர்கானிக், சின்டர்டு என்று இரண்டு வகைகளை எடுத்து வைத்தார். நான் சின்டர்டு வகையைக் கேட்டு வாங்கினேன். மழையிலும் பிடிக்கும், எளிதில் தேயாது என்று அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பேட் தேயவில்லைதான், அதற்குப் பதிலாக டிஸ்க் தேய்ந்தது. ஒரு நாள் சக்கரத்தைத் துடைக்கும்போது டிஸ்க்கின் வெளி விளிம்பில் விரல் நகம் தட்டி நின்றது. பேட் உரசும் பகுதி முழுவதும் உள்வாங்கி, உரசாத ஓரம் மட்டும் கரைபோல உயர்ந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். வெர்னியர் வைத்து அளந்தபோது தடிமன் போதுமானதாகவே காட்டியது. அதன் தாடைகள் அந்தக் கரையின்மேல் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம் என்பது பிறகு விளங்கியது. மைக்ரோமீட்டரால் உட்பகுதியை அளந்தபோது, வண்டியின் பராமரிப்புக் கையேடு குறிப்பிடும் குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே டிஸ்க் இறங்கியிருந்தது.

ஆர்கானிக் பேட் என்பது இழைகளையும் நிரப்புப் பொருள்களையும் பிசினால் பிணைத்துச் செய்யப்படுவது. சின்டர்டு பேட் என்பது உலோகத் தூளை உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. பின்னது பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1969இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் பெருமளவு உற்பத்திக்கு வந்ததைத் தொடர்ந்து பரவிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிஸ்க்குகள், அன்றைய பேட்களோடு சேர்ந்து மழையில் மோசமாக நடந்துகொண்டன. லீவரை இழுத்த பிறகும் ஒரு கணம் வண்டி எதுவும் நடக்காததுபோல ஓடும். தண்ணீர் வழிக்கப்பட்ட பின்னர் திடீரென்று பிடிக்கும். அந்தக் குறையை நீக்கியதில் சின்டர்டு பேட்டின் பங்கு பெரிது. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட மென்மையான வார்ப்பிரும்பு டிஸ்க்கில் அதே பேட் அரம்போல வேலை செய்கிறது. வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு ஆர்கானிக் பேட் போதும். ஈரத்திலும் அந்த ஜோடி நன்றாகவே பிடிக்கும்.

ஆகவே பேட்டைத் தேர்வதற்கு முன் டிஸ்க் எந்த உலோகம் என்று தெரிந்தாக வேண்டும். காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். டிஸ்க் செய்யப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும். வண்டியைக் கழுவி ஓர் இரவு அப்படியே விட்டுப் பார்ப்பதே எளிய வழி. காலையில் டிஸ்க்கின்மேல் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தால் அது வார்ப்பிரும்பு. பளபளப்பு மாறாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பல பேட்களின் விளிம்பில் அச்சிடப்படும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பற்றியும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உள்ள உராய்வுக் கெழுவையும் (அதாவது பிடிப்பின் அளவையும்), இரண்டாவது எழுத்து சூடேறிய நிலையில் உள்ளதையும் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். டிஸ்க் எவ்வளவு தேயும் என்பதைப் பற்றி இந்த எழுத்துகள் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு எச் இருந்தால் உயர்ந்த தரம் என்று வாங்குவது, காரம் கூடினால் சமையல் சிறப்பு என்று நினைப்பதைப் போன்றது. மெல்லிய முன் ஃபோர்க்கும் குறுகிய டயரும் உள்ள பழைய வண்டியில் அவ்வளவு பிடிப்பைத் தாங்குவதற்கு டயரும் தரையும் ஒத்துழைக்க வேண்டுமே!

வெப்பமும் ஒரு கணக்கு. உலோகப் பேட் சூட்டை விரைவாகப் பின்தகட்டுக்கும், அங்கிருந்து, பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிபரின் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் கடத்துகிறது. ஆயில் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 4 என்ற தரக் குறியீடு உள்ள பிரேக் ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய நிலையில் 155 டிகிரி மட்டுமே. பழைய வண்டிகளில் ஆயில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கிடப்பதே வழக்கம் என்பதால், பேட்டோடு ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. ஒரே பெயரில் வந்த வண்டிக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு காலிபர் பொருத்தப்பட்டிருக்கலாம். கழற்றிய பேட்டைக் கையோடு கொண்டுபோய், புதியதன்மேல் வைத்து முதுகோடு முதுகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பழைய பேட்களும் சமமாகத் தேயாமல் ஒன்று மட்டும் கரைந்திருந்தால், கோளாறு பேட்டில் இல்லை. காலிபர் சறுக்கி நகர உதவும் ஊசியோ (பின்) பிஸ்டனோ இறுகியிருக்கிறது என்று பொருள். பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்த 'ஒரிஜினல்' பேட் கிடைத்தால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். பின்தகட்டில் துரு ஊறி, ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளைத் தூக்கிவிட்டிருக்கிறதா என்று ஓரங்களைப் பார்க்காமல் அதைப் பொருத்தக் கூடாது. அக்காலப் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால், காலிபருக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பேட் தயாரிப்பாளர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். நான் வாங்கிய பெட்டியின் பின்புறம் முழுக்க மாடல் பெயர்கள் பொடி எழுத்தில் நிறைந்திருந்தன. அது எந்த உலோக டிஸ்க்குக்கு ஆகாது என்று ஓரிடத்திலும் இல்லை. அதற்கு ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஓட்டும் வாசகர்