கோதுமை 'வா' ஆன கதை

அன்புள்ள சேகர்,

பினாங்கில் சீன வகுப்பில் சேர்ந்துவிட்டாய் என்றதும் ரொம்பச் சந்தோஷம். 'வா' என்பதற்கான 'லாய்' (来) எழுத்தை 'அரிசி எழுத்தின் தலையில் ஒரு கோடு' என்று சொல்லித் தந்தார்களாமே. மனப்பாடத்துக்குச் சரி, அப்படியே வைத்துக்கொள். ஆனால் அந்த எழுத்து அரிசியிலிருந்து வந்ததல்ல, கோதுமையிலிருந்து வந்தது.

சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த, எழுத்து பொறித்த ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும், கி.மு. 1200 வாக்கில், அது முழுச் செடியின் படம்: நடுவே தண்டு, இருபுறமும் தொங்கும் இலைகள், அடியில் வேர். 'வருதல்' என்பதைப் படமாக வரைய வழியில்லை. கோதுமைக்கான சொல்லும் வருதலுக்கான சொல்லும் அன்று ஏறக்குறைய ஒரே ஒலி. எனவே செடியின் படத்தைக் கடன் வாங்கிவிட்டார்கள். கி.பி. 100-ல் அகராதியை முடித்த சூ ஷென், கோதுமை வானத்திலிருந்து 'வந்த' தானியம், அதனால்தான் இந்தப் பொருள் என்று எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது, நம்ப வேண்டியதில்லை. கோதுமை மேற்காசியாவிலிருந்து சீனாவுக்கு வந்த பயிர் என்பது உண்மைதான். ஆனால் எழுத்தை விளக்க அந்தப் பயணம் தேவையில்லை, ஒலியே போதும்.

கடன் கொடுத்த கோதுமைக்கு இப்போது 'மாய்' என்று தனி எழுத்து. அதே செடி, அடியில் ஒரு பாதம். வேடிக்கை என்னவென்றால், பாதம் இருக்கவேண்டியது 'வா'வில் அல்லவா? இரண்டு எழுத்தும் இடம் மாறிக்கொண்டன என்று சிலர் வாதிடுவது இதனால்தான். இன்று லாய், மாய் என்று ஒலி பிரிந்து நின்றாலும், பழஞ்சீனத்தை மீட்டெடுத்தவர்கள் இரண்டின் தொடக்கத்திலும் 'ம்ர' போன்ற ஓர் ஒலிக்கூட்டை வைக்கிறார்கள். ஒன்றில் 'ம' தங்கியது, மற்றதில் 'ர' தங்கி 'ல' ஆனது.

பொருள் எலும்புக் காலத்திலேயே நகரத் தொடங்கிவிட்டது. அன்று வாரத்துக்குப் பத்து நாள்; அடுத்த வாரத்தில் வரும் நாளைக் குறிக்க 'லாய்' போட்டிருக்கிறார்கள். நம் 'வருகிற வெள்ளி' மாதிரியேதான். பிறகு சீன பௌத்தர்கள் ததாகதர் எனப்படும் புத்தரை 'ரூ-லாய்', அதாவது 'அவ்வாறே வந்தவர்' என்றார்கள். சமஸ்கிருதச் சொல்லை 'சென்றவர்' என்றும் பிரிக்கலாம், அவர்கள் 'வந்தவர்' பக்கம் நின்றார்கள். 'மா-லாய்-சி-யா'வில் இதே எழுத்து வெறும் ஒலிக்காக நிற்கிறது. உன் ஊர்ப் பலகைகளில் தினமும் பார்ப்பாய்.

நீ தடுக்கி விழப்போகும் இடம் ஒன்று: எண்ணுக்குப் பின் வந்தால் 'சுமார்'. 'ஷீ லாய் தியேன்' என்றால் பத்து நாள் போல. பத்து, இருபது, நூறு போன்ற முழு எண்ணோடுதான் இது சேரும். மூன்றோடு போட்டால் சிரிப்பார்கள்.

எழுதும்போது ஏழு கோடு. மேலே குட்டைக் கிடைக்கோடு, பிறகு இடப்புள்ளி, வலப்புள்ளி, அதன் கீழ் நீளமான கிடைக்கோடு, நடுவே செங்குத்து, கடைசியில் இடக்கால், வலக்கால். செங்குத்துக் கோடு மேல்கோட்டைத் தாண்டித் தலைநீட்ட வேண்டும். அடியில் கொக்கி வைக்காதே. அந்த இரண்டு புள்ளியை மறந்தால் எழுத்து 'வெய்' ஆகிவிடும், அதாவது 'இன்னும் இல்லை'. இரண்டையும் சேர்த்து 'வெய்-லாய்' என்றால் எதிர்காலம். அந்தச் சொல்லை ஒரு பக்கம் எழுதிப் பார், கைக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். நீ படிப்பது எளிய வடிவம்; தைவானிலும் ஹாங்காங்கிலும் எழுதும் பழைய மரபு வடிவத்தில் (來) எட்டு கோடு, புள்ளிகளுக்குப் பதில் இரண்டு குட்டி 'மனிதர்'கள். 'மரத்தடியில் இருவர்' என்று யாராவது கதை சொன்னால் தலையாட்டிவிட்டு வா. அவை கோதுமை இலைகள்.

கடையில் நூடுல்ஸ் கேட்க 'லாய் யீ வான் மியேன்' என்றால் போதும். இங்கே லாய் 'கொண்டு வா' ஆகிறது. தைவானிலோ ஹாங்காங்கிலோ இதை மரபு எழுத்தில் எழுதினால் 'மியேன்' எழுத்தின் இடப்பக்கத்திலும் கோதுமை இருக்கும். எளிய எழுத்தில் அது போய், 'முகம்' என்ற பொருளுள்ள ஒன்பது கோட்டு எழுத்தே நூடுல்ஸுக்கும் நிற்கிறது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அடுத்த பாடத்தில் எந்த எழுத்து வருகிறது என்று எழுது.

அன்புடன்,
கண்ணன்