சோற்றின் அளவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

சோற்றை விட்டு ரெண்டு மாசமாகிறது, சப்பாத்தியும் கேழ்வரகுக் கஞ்சியும்தான், எடை அசையவே இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. போன வருஷம் நானும் இதையேதான் செய்தேன்.

பச்சரிசி, கோதுமை மாவு, கேழ்வரகு எதை எடுத்தாலும் 100 கிராமில் ஏறக்குறைய 65 முதல் 80 கிராம் வரை கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்துதான் கலா. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், நல்லதுதான். ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகிவிடும். தானியத்தை மாற்றினோம், அளவை மாற்றவில்லை.

ஒருநாள் என் மதியச் சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 400 கிராம்! வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்போஹைட்ரேட். அந்த ஒரு வேளைக்கே 110 கிராமைத் தாண்டிவிட்டது. காலையில் இட்லி, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி தோசை, எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். பொரியல் மட்டும் ரெண்டு கரண்டி. இப்போது சோறு 150 கிராம். கீரை, கூட்டு, சுண்டல், முட்டை என்று மற்றதைக் கூட்டிவிட்டேன். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் வைத்தால் அன்றைக்குச் சோறு இன்னும் குறையும். முதல் பத்து நாள் பசித்தது. பருப்பும் முட்டையும் கூடியபிறகு அது அடங்கிவிட்டது.

அப்புறம் ஒன்று. முதல் வாரமே எனக்கு ரெண்டு கிலோ இறங்கியது. அது கொழுப்பு இல்லை. கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் பிடித்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் போவது அந்தத் தண்ணீர். அதன்பிறகு மாசம் ஒரு கிலோதான் குறைந்தது. உனக்கும் அப்படி மெதுவானால் மனம் விடாதே.

இதுதான் ஒரே வழி என்று சொல்லமாட்டேன். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருஷம் கவனித்த ஆய்வு வெளிவந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களும் கார்போஹைட்ரேட்டைக் குறைத்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இளைத்தார்கள். நம் தட்டில் சோறுதான் மிகுதி என்பதால் எனக்கு இது ஒத்துவந்தது.

ஆனால் நீ சர்க்கரை மாத்திரை போடுகிறவள். டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று குறைத்துவிடாதே. மாத்திரை அளவு அப்படியே இருந்தால் சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரும். அவரைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுது. அதுவரை எனக்கு நிம்மதி இருக்காது.

அன்புடன்,
செல்வி