உயிருள்ள மருந்தை வெயிலில் வைத்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளியில் சின்ன வெங்காயம் செய்கிறவன் நான். போன போகம் ஒரு பாத்தியில் அடியழுகல் தொடங்கியது. தாளின் நுனி மஞ்சளாகி வாடும், பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும், திருப்பிப் பார்த்தால் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். பியூசேரியம் என்ற பங்கசு அது, மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும்.

நன்மை செய்யும் பற்றீரியா இதற்கு நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, ரவுணில் ஒரு கடையில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா உள்ள பக்கற் வாங்கினேன். கடை வாசலில் வெயிலில் கிடந்த பெட்டிக்குள்ளிருந்துதான் எடுத்துத் தந்தார்கள், தமிழில் ஒரு வரி இல்லை, திகதியும் உரசி அழிந்திருந்தது. நானும் விபரம் தெரியாமல் செம்பு சேர்ந்த பங்கசு நாசினியோடு கலந்து ஒரே டாங்கியில் அடித்தேன். மூன்று பாத்தி போய்விட்டது.

பிறகு விசாரித்துத்தான் விளங்கியது. சூடோமோனாஸ் வித்தி, அதாவது ஓடு போர்த்தி உறங்கும் நிலை, உண்டாக்காது, அதனால் சூடு பட்டால் பக்கற்றுக்குள்ளேயே செத்துவிடும். பசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பற்றீரியா வித்தியாக உறங்கிக்கிடந்து வெப்பத்தைத் தாங்கும். செம்பு பற்றீரியாவையும் கொல்லும். ட்ரைக்கோடேர்மாவையும் சூடோமோனாஸையும் ஒன்றென்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் ட்ரைக்கோடேர்மா நன்மை செய்யும் ஒரு பங்கசு, பல பங்கசு நாசினிகளோடு சேர்த்தால் அதுவே அழிந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், நோய் முற்றிய பிறகு சூடோமோனாஸை அடித்துப் பிரயோசனம் இல்லை. விதை வெங்காயத்தை நடமுன் கரைசலில் நனைத்து, மக்கிய மாட்டெருவிலும் கலந்து பாத்திக்குப் போட்டால் அது வேரைச் சுற்றி முந்திக் குடியேறிவிடும், மண்ணிலுள்ள இரும்பைத் தான் இழுத்துக்கொண்டு பங்கசுக்குக் கிடைக்காமல் பண்ணும், பங்கசு வளரவிடாத பொருட்களையும் சுரக்கும்.

இரசாயனத்தை நாளைக்கே விடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை, 2021 இல் அரசாங்கம் அதை ஒரேயடியாக நிறுத்தி நாங்கள் பட்டது போதும். கமநல சேவை நிலையங்களில் நடுகைக்கு முன்பே, நிழலில் வைத்த, திகதி தெளிவாகப் போட்ட பக்கற்றுகள் தமிழ்க் குறிப்போடு கிடைக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் தோட்டத்துக்கு வந்து எப்படி நனைப்பது என்று ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். அப்புறம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறதே, அங்குள்ளவர்கள் எங்கள் மணல் மண்ணில் ஒரு போகம் சோதித்துப் பார்க்க முன்வந்தால் என் தோட்டத்தில் இரண்டு பாத்தி தருகிறேன், தண்ணீரும் நானே இறைக்கிறேன்.

நிலாவெளித் தோட்டக்காரர் ஒருவர்,
திருகோணமலை.